கோள்மூட்டி மெஷின்

ஆஸ்துமாவுக்கு மருந்து எழுதுவது டாக்டர் வேலை. பதினைந்து வயதுப் பிள்ளைகளிடமிருந்து உண்மையை வரவழைப்பது நர்ஸ் வேலை. வீட்டில் அந்த வயதில் ஒன்று வைத்திருப்பவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நெஞ்சு டாக்டரின் கிளினிக்கில் இருந்தேன். செல்போன் பரவத் தொடங்கியிருந்த காலம். டாக்டர் சென்னையிலிருந்து உள்ளங்கை அளவு டிஜிட்டல் மெஷின்கள் சில வாங்கி வந்து, பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். காலையும் மாலையும் ஊதினால் மூச்சின் பலம் நம்பராக வரும். தேதி, நேரத்தோடு ஞாபகமும் வைத்துக்கொள்ளும். பெற்றோருக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'கோள்மூட்டி'.

கண்டக்டர் நம்பர்

கீழ்பென்னாத்தூர் பிரபு பதினொன்றாம் வகுப்பு. "தெனமும் ஊதினேங்க" என்று மெஷினை நீட்டினான். பார்த்தால், எல்லாம் அன்றைக்குக் காலையில், இங்கே வரும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி வரிசையாக ஊதியவை. அதிலும் ஒரு நம்பர் பயில்வான் ஊதியது மாதிரி இருந்தது. அதைக் காட்டி முறைத்தேன். பையன் கொஞ்சமும் அசரவில்லை.

"அது மட்டும் என்னுது இல்லீங்க சிஸ்டர், கண்டக்டருது. தெனமும் விசில் ஊதறவரு இல்லீங்களா?"

காணாமல் போன காலைகள்

அடி அண்ணாமலை ரேவதி பத்தாம் வகுப்பு, ஸ்கூல் ஓட்டப்பந்தய டீமில் இருந்தாள். மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. கிரிவலப் பாதையில் இளநீர் விற்கும் அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நம்பர் கம்மியானால் ஓட்டம் கிடையாது. மெஷினில் எல்லாமே அழகான நம்பர். அம்மாவுக்குப் பெருமை. எனக்குத்தான் உறுத்தியது. மாலை நம்பர் எல்லாம் இருக்கிறது, பாதிக் காலைகளைக் காணோம். வீசிங் தலைகாட்டுவதே விடிகாலையில்தான்.

அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்டேன். இழுக்கிற நாளில் ஊதுவதே இல்லையாம். கோபமும் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஓடும்போது மூச்சு அடைத்து விழுந்தால் என்ன செய்வது? அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"போட்டோ எடுக்கறப்ப மட்டும் நல்லா தலை வாரிக்கினு நிக்கறோமில்ல சிஸ்டர், அது மாதிரிதான்."

நான்காவது இடம்

டாக்டர் அம்மாவை உள்ளே கூப்பிட்டார். நம்பர் குறைவது தெரிந்தால் மருந்தை மாற்றலாம், பெண்ணும் ஓடலாம். மறைத்தால் இரண்டும் நடக்காது என்றார். போட்டி முடியும்வரை அம்மா மெஷினைத் தொடக்கூடாது, நாங்கள் மட்டும் பார்ப்போம் என்று ஒப்பந்தம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த முறை காலை நம்பர்களும் வந்தன. பரிதாபமான நம்பர்கள்; எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார். நம்பர் மெல்ல ஏறியது. போட்டிக்குப் போகச் சொல்லிவிட்டார்.

போட்டி முடிந்து இருவரும் வந்தார்கள். நான்காவதாக வந்தாளாம். மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "கடைசி வரைக்கும் இழுக்கவே இல்ல சிஸ்டர்" என்றாள். அம்மாதான் நாற்காலியில் சாய்ந்து, "அவ ஓடி முடிக்கிற வரைக்கும் நான் மூச்சே விடலம்மா" என்றார். ரேவதி மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இத எங்கம்மாவுக்குக் குடுத்துடுங்க சிஸ்டர், அவங்களுக்குத்தான் நம்பர் கம்மி."

எத்தனை புது மெஷின் வந்தாலும், பிள்ளையைக் கூட்டி வந்தவரை முதலில் ஊதிப் பார்க்கச் சொல்ல வேண்டிய உத்தியோகம் இது.