அரிசிப் பல் வைத்த பிரபு

பக்தவத்சலம் அங்கிள் சிக்கந்தராபாத்தை அடுத்த அல்வாலை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போனது விஜயதசமிக்கு மறுநாள், ஒரு புதன்கிழமை. காலையில் கொலுப் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்கிவிட்டு, மாலையில் அவருடைய தங்கை சாவித்ரி ஆன்ட்டி அவரை வழியனுப்ப சிக்கந்தராபாத் ஸ்டேஷனுக்கு வந்தார். புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார். ரயில் கிளம்பும் நேரம் பார்த்துச் சண்டை பிடித்தார். எதிர்வீட்டுக்காரி என்ற முறையில் காரை ஓட்டிப் போனது நான். அதனால் சண்டைக்கு நேரடிச் சாட்சி நான்தான்.

சண்டை சொத்துக்காக இல்லை. வீடு அவர்கள் அப்பா கட்டியது. கீழே கல்யாணம் செய்துகொள்ளாத தங்கை, மேலே மனைவியை இழந்த அண்ணன். மகள் தாரிணி கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, "அப்பா, தனியா இருக்காதீங்க, வந்துடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் போக ஒப்புக்கொண்ட நாளிலிருந்தே ஆன்ட்டி எதற்கெடுத்தாலும் கடுகாக வெடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெடித்தது பிரபுவின் பேரில்.

பிரபு என்றால், மலைமேல் கோட்டையில் பகலெல்லாம் பெட்டிக்குள் படுத்திருந்து, பொழுது சாய்ந்ததும் எழுந்து ரத்தம் குடிக்கப் போவாரே, அந்தக் காட்டேரிப் பிரபு. பழைய ஆங்கிலப் பேய்ப் படங்களில் அந்த வேஷத்தைப் பலர் போட்டிருக்கிறார்கள். அண்ணனும் தங்கையும் நடிகர்களின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டுப் பெயர்கள்தான். தலையைப் படிய வாரி, கழுத்தில் பதக்கம் தொங்க, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திப் பேசும் கறுப்பு வெள்ளைப் படத்துக்காரர் எண்ணெய்த்தலை. அவர் அண்ணனுடைய ஆள். வண்ணப் படத்தில் கண் சிவக்க, கோரைப்பல் தெரிய, படிக்கட்டில் அங்கியை வீசிக்கொண்டு இறங்கும் உயரமானவர் நெட்டை. அவர் தங்கையின் ஆள். ஊமைப் படக் காலத்து மொட்டைத்தலை, எலிப்பல், நீள நகக்காரர் ஒருவரும் உண்டு. "அவரைக் கோட்டைக்குள்ளயே சேத்திருக்கக் கூடாது, வாட்ச்மேன் கோட்டை விட்டுட்டான்" என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

இந்த வம்பு லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆரம்பித்தது. அவர்கள் அப்பா வேலூர்க்காரர், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் சனிக்கிழமைதோறும் திரை கட்டிப் படம் போடுவார்கள். ஒருமுறை போஸ்டரில் பெரிய சிலுவையைப் பார்த்த அப்பா, பக்திப் படம், எந்தச் சாமியானால் என்ன என்று பிள்ளைகள் இரண்டையும் முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அது எண்ணெய்த்தலை படம். அண்ணன் கண் இமைக்கவில்லை. தங்கை தூங்கிவிட்டாள். சில வருடம் கழித்து அதே திரையில் நெட்டை வந்தபோது தங்கை நாற்காலிமேல் ஏறி நின்றாள். பிறகு அண்ணன் மத்திய அரசுக் கம்பெனியில் சேர்ந்து வீடியோ வாங்கினார். கேசட்டை ஓட்டி, நிறுத்தி, பின்னால் இழுத்து, யார் அங்கி நன்றாகப் பறக்கிறது, யார் கழுத்தருகே மரியாதையாகக் குனிகிறார் என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஆன்ட்டிக்கு வேலை பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில், எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன். ஊழியர்களின் வருகை, லீவு, நடத்தை எல்லாம் பார்த்துப் பார்த்து, பிரபுக்களையும் அப்படித்தான் எடைபோடுவார். "நெட்டை டூட்டின்னா டூட்டி. சூரியன் இறங்கினா எழுந்துடறாரு. வெட்டிப் பேச்சு கிடையாது. எண்ணெய்த்தலை ஃபைலைத் திறக்கறதுக்கே அரைநாள் பண்ணுவாரு."

அன்று ரயில் பெட்டியின் வாசலில் நின்றுகொண்டு அண்ணன்தான் முதலில் சீண்டினார்.

"உன் நெட்டை ஒரு படம் பூரா ஒரு வார்த்தை பேசல சாவி. குக்கர் மாதிரி உஸ்ஸு உஸ்ஸுன்னாரு. அது ஒரு நடிப்பா?"

"பேசாம பயமுறுத்தறது எவ்ளோ கஷ்டம்னு தெரியுமாண்ணா? உங்காளு பேசினா ரெண்டு வார்த்தைக்கு நடுவுல போய் இரானி சாய் குடிச்சிட்டு வந்துடலாம்."

"அதுக்குப் பேரு கம்பீரம்."

"பல்லே இல்லாத காட்டேரிக்குக் கம்பீரம் வேற."

"அதான்டி பெருமை! கோரைப்பல்லு ஒண்ணுகூடக் காட்டாம ஊரையே நடுங்க வெச்சாரு. உங்காளுக்குப் பல்லு செட்டு இல்லன்னா ஒரு பூனைகூட பயப்படாது."

"பேச்சு, பேச்சு, பேச்சு. எங்க, நீ பேசாம இரு பாக்கலாம். ஒரு மாசம் தாங்க மாட்ட."

"நானா? நாளைக்குச் சாயந்தரமே நீதான் போன் பண்ணுவ."

"ஹவ், அப்படியா? சரி. யார் மொதல்ல பேசறாங்களோ அவங்க ஆளு தோத்தாரு. பந்தயம்."

"பந்தயம்."

ரயில் நகர்ந்தது. இருவரும் வாயை இறுக மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார்கள்.

திரும்பும் வழியெல்லாம் ஆன்ட்டி, "நாளைக்கே பண்ணுவாரு பாரு" என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் போனின் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தார். மறுநாள் அது அடித்தபோது எதிர்வீட்டில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கிரெடிட் கார்டு விற்கிறவர்கள்.

ஒரு மாதம் போனது. ஒரு வருடம் போனது. கிண்டலாகத் தொடங்கியது இருவருக்கும் கழுத்தில் மாட்டிக்கொண்டது. ஆன்ட்டி பேசினால் நெட்டை தோற்றார். பேசாவிட்டால் அண்ணன் இல்லை. நான் அங்கிள் கிளம்பிய வருட மார்கழியிலேயே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டதால், மீதியைப் படங்களாகத்தான் பார்த்தேன்.

ஏனென்றால் அண்ணனை முதலில் பேசவைக்க ஆன்ட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். பேசக் கூடாது என்றுதானே பந்தயம்? போட்டோ அனுப்பக் கூடாது என்று இல்லையே.

கொலுவில் வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வைக்க வேண்டும், மரப்பாச்சி ஜோடிக்குப் புதுத்துணி கட்ட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆன்ட்டி இரண்டையும் ஒன்றாக்கினார். ஆண் மரப்பாச்சிக்கு ஓட்டைக் குடையின் கறுப்புத்துணியில் அங்கி. உள்பக்கம், யார் வீட்டிலோ தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்த சிவப்பு ரவிக்கைத்துணி. கழுத்தில் பதக்கத்துக்குப் பதில் ஒரு சமிக்கி. அச்சு அசல் எண்ணெய்த்தலை. பக்கத்தில் பெண் மரப்பாச்சி வழக்கம்போலப் பட்டுப்பாவாடையில், வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் நின்றது.

அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். கூட ஒரு எழுத்து இல்லை. எனக்கும் ஒன்று வந்தது. முதல் வருடம் பிரபுவுக்கு முகக்கவசம். அடுத்த வருடம் கல்யாண செட்டுப் பொம்மைகளுக்கு நடுவே, கையில் வாழை இலையோடு பந்திக்குக் காத்திருந்தார். அதற்கடுத்த வருடம் நெட்டையின் சிவந்த கண்களைக் கொண்டுவந்து எண்ணெய்த்தலைக்கு ஒட்டியிருந்தார், குன்றிமணியில். வேண்டுமென்றே செய்த துரோகம்.

தாரிணியிடம் விசாரித்தேன். "அப்பா பெருசு பண்ணிப் பாத்தாரு அக்கா. மூஞ்சி செவந்துபோச்சு. போனைக் கவுத்து வெச்சிட்டு வாக்கிங் போயிட்டாரு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"'கண்ணு'ன்னு ஆரம்பிச்சாரு. அப்புறம் வாயை மூடிட்டாரு."

நான்காம் வருடம் அங்கிளுக்கு நெஞ்சுவலி வந்து அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆன்ட்டி அடித்துப் பிடித்துக் கோயம்புத்தூர் ஓடினார். இனிப் பேசிவிடுவார்கள் என்று தாரிணி அறைக்கு வெளியே பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆன்ட்டி உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். அங்கிள் பார்த்தார். ஆன்ட்டி பார்த்தார். அங்கிள் மெதுவாக ஆஸ்பத்திரிப் போர்வையை மூக்குவரை இழுத்து, கண்ணை மட்டும் காட்டி, எண்ணெய்த்தலை பார்வை ஒன்று பார்த்தார். ஆன்ட்டி உதட்டை விரித்து, "உஸ்ஸ்ஸ்" என்று சீறினார். ஆக்ஸிஜன் கசிகிறது என்று நர்ஸ் ஓடி வந்துவிட்டாராம்.

"அழுதுட்டிருந்தாங்க அக்கா, ரெண்டு பேரும்" என்றாள் தாரிணி. "ஆனா ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. ரெண்டும் பக்கா பாகல், பைத்தியங்க."

நான் ஊர் திரும்பியது அதற்கடுத்த வருடம், கொலுவுக்கு முன்னால். வழியில் பிரபுவின் கோட்டை என்று சொல்லி டிக்கெட் விற்கும் ஊர் ஒன்றுக்கும் போயிருந்தேன். கடை முழுக்க பொம்மைகள். கோரைப்பல் இல்லாத பிரபு இருக்கிறாரா என்று கேட்டதற்கு, கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வாங்கி வந்த கோரைப்பல் பொம்மையை ஆன்ட்டியிடம் கொடுத்தேன்.

ஆன்ட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவங்க ஊர்லயே பல்லோடதான் விக்கறாங்களா?"

"ஆமா ஆன்ட்டி."

அவர் எழுந்து சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்தார். நீளமான பாசுமதி இரண்டு பொறுக்கினார். மரப்பாச்சியின் உதட்டில் பசை வைத்து, இடுக்கியால் இரண்டையும் ஒட்டினார். பல்லே காட்டாத எண்ணெய்த்தலைக்கு முதல்முறையாகப் பல் முளைத்தது.

"இது ரொம்ப அநியாயம் ஆன்ட்டி."

"இதுக்கும் பேசலன்னா அவரு என் அண்ணனே இல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இடுக்கியை அரிசி டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை. கொலுவுக்கு நடுவில் வந்த சனிக்கிழமை சாயந்தரம் பக்கத்துத் தெரு அன்னம்மாள் அக்கா சுண்டல் வாங்க வந்தார். மூன்றாம் படியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா சாவித்ரி, சனி பகவானைக் கொலுவுல வெச்சிருக்கே! வீட்டுக்குள்ள வெக்கலாமா?"

கறுப்பு உடுப்பு, முறைத்த பார்வை, அதுவும் சனிக்கிழமை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆன்ட்டி என் தொடையைக் கிள்ளி, "நக்கோ, வேண்டாம்" என்றார் பல்லிடுக்கில்.

"வந்துட்டாருக்கா. போங்கன்னா சொல்ல முடியும்?"

"பல்லு வேற இருக்கே. கோவமா இருக்காரு போல. எனக்கு வேற ஏழரை நடக்குது." அக்கா வீட்டுக்கு ஓடினார். எள் முடிந்த துணித்திரியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து, பிரபுவின் காலடியில் விளக்கேற்றி, விழுந்து கும்பிட்டார். மூன்றாம் நாள் அவருடைய மகனுக்கு நாக்பூருக்கு வந்திருந்த மாற்றல் ரத்தானது. பிரபுவுக்கு எள்ளுருண்டை வந்தது. அதன்பின் காலனியில் பாதிப் பேர் வந்தார்கள். தெலுங்குக்காரர்களும் வந்தார்கள். ரத்தம் குடித்து வாழ்ந்தவர் கொலு முடியும்வரை சுத்த சைவமாக எள்ளிலேயே காலம் தள்ளினார்.

மாலை, எள்விளக்கு, அரிசிப் பல்லோடு பிரபுவின் படத்தை ஆன்ட்டி குழுவில் போட்டார். நீல டிக் விழுந்தது. அங்கிள் பார்த்துவிட்டார். பதில் இல்லை. அன்னம்மாள் அக்கா எடுத்த படமோ "அல்வால் சனீஸ்வரர், பத்துப் பேருக்கு அனுப்பவும்" என்ற குறிப்போடு சுற்ற ஆரம்பித்து, கோயம்புத்தூரில் அங்கிளின் நடைப்பயிற்சிக் குழுவுக்கே போய்ச் சேர்ந்ததாக தாரிணி சொன்னாள்.

விஜயதசமி முடிந்தது. ஆன்ட்டி பொம்மைகளைச் சுற்றி வைத்தார். பிரபுவைக் கடைசியாக எடுத்தார். பல்லை எடுக்கவில்லை. "இருக்கட்டும்" என்று அப்படியே காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். பெட்டிக்குள் படுப்பது அவருக்குப் பழக்கம்தானே என்று நான் சொன்ன நகைச்சுவைக்கு ஆன்ட்டி சிரிக்கவில்லை. அன்று போனின் சத்தத்தையும் குறைத்து வைத்தார். ஐந்து வருடத்தில் முதல்முறையாக.

தீபாவளி போனது. பொங்கல் போனது. நெட்டை ஜெயிக்கவுமில்லை, தோற்கவுமில்லை. ஆன்ட்டி பிரபுக்களைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். நானாக ஊமைப் பட மொட்டைத்தலையை வம்புக்கு இழுத்தால்கூட "ம்" என்பதோடு சரி.

சித்திரை வெயிலில் ஒருநாள் ரைத்து பஜாரில் ஊறுகாய்க்கு மாங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஆன்ட்டியின் கைப்பைக்குள் போன் லேசாக உறுமியது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மாங்காய்ப் பால் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "யாருன்னு பாரு, கார்டு விக்கறவனா இருந்தா வெச்சிடு" என்று என்னிடம் நீட்டினார். பார்த்தேன். சத்தமாகப் படித்தேன். கடைக்காரர், வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"சாவி, அவருக்குப் பல் கிடையாது. ஆறு மாசமா கண்ணை மூடினா அந்த அரிசிதான் தெரியுது. எடுத்துடு. வேணாம், நீ எடுத்தா உதட்டையும் சேர்த்துப் பேத்துடுவ. டிக்கெட் போட்டுட்டேன். நானே வந்து எடுக்கறேன்."