விலைச்சீட்டு கிழிக்காத வீடு

செஃபீனாவின் வீட்டுக்கு வருகிற பொருள் எதுவும் உடனே குடியேறிவிட முடியாது. முதலில் விருந்தாளியாகத்தான் இருக்க வேண்டும். மேசை விளக்கு கண்ணாடித் தாள் உறையோடு எரியும். புது நாற்காலியின் காலில் விலைச்சீட்டு ஆடும். புதுக் கெட்டில் பெட்டிக்குள் சும்மா இருக்க, பழைய கெட்டில்தான் தண்ணீர் காய்ச்சும். கடையில் தள்ளுபடி போடும் நாள் வரைக்கும் இதுதான் ஏற்பாடு. விலை இறங்கியதும் செஃபீனா பொருளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுப்பாள். காசை முழுதாக வாங்கிக்கொண்டு, அதே பொருளை, சில நேரம் அதே பெட்டியையே, இறங்கின விலைக்கு மறுபடி வாங்கி வருவாள். அதற்குப் பிறகுதான் சீட்டைக் கிழிப்பாள்.

அவள் கணவன் அபெலு பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் நிம்மதியாக உட்கார முடியாத மனுஷன்.

“நான் உக்காந்திருக்கிற நாற்காலி நம்மளுதா, கடைக்காரனுதா?” என்று கேட்பான்.

“சனிக்கிழமை வரைக்கும் கடைக்காரனுது. ஆடாம உக்காரு.”

இதில் திருட்டு ஒன்றும் இல்லை என்பது அவள் கட்சி. விலை குறைந்தால் வித்தியாசம் தரமாட்டோம், ஆனால் பொருள் வேண்டாமென்றால் திருப்பலாம் என்று கடையே பலகையில் எழுதி வைத்திருக்கிறது. “சட்டம் அவங்க போட்டது. நான் அக்கறையாப் படிக்கிறேன், அவ்வளவுதான்” என்பாள். சமோவாவிலிருந்து வந்து நாங்கள் குடியேறியிருக்கும் இந்த மாங்கேரேயில், பைபிளுக்கு அடுத்தபடி அவள் படித்தது அந்தப் பலகையைத்தான் என்று சர்ச்சில் பெண்கள் கேலி செய்வார்கள். கல்லில் நார் உரிக்கிறவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். வெள்ளை ஞாயிறு நெருங்கினால் அதே பெண்கள் அதே செஃபீனாவிடம் பிள்ளைகளின் அளவையும் காசையும் கொடுத்துவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வெள்ளை ஞாயிறு என்பது அக்டோபரில் வரும் பிள்ளைகளின் நாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி, சர்ச்சில் பெரியவர்களைக் கீழே உட்காரவைத்து, பிள்ளைகள் வசனம் சொல்வார்கள். வீட்டிலும் முதல் பந்தி அவர்களுக்குத்தான், அப்பா அம்மா பரிமாற வேண்டும். அந்த வெள்ளை புதுசாக இருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். முன்கூட்டியே வாங்கினால் முழு விலை. கடைசி வாரத் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் அளவு கிடைக்காது. செஃபீனா, இங்கே ஜூலையில் வரும் குளிர் காலத்திலேயே எல்லா அளவையும் வாங்கி அடைகாத்து, தள்ளுபடி போட்டதும் மொத்தமாகத் திருப்பி, அங்கேயே மொத்தமாக வாங்கிவிடுவாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் ஊசி எடுக்காத தையல்காரி.

வாங்கிய சட்டைகளை அவள் வீட்டு நடையில், வாசலிலிருந்து சமையலறை வரை கயிறு கட்டித் தொங்கவிடுவாள். விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது அவள் வேலை. விடியும் நேரத்துக்கு வீடு திரும்பிக் கதவைத் திறந்தால் கடற்காற்றும் கூடவே நுழையும். வெள்ளைச் சட்டைக் கைகள் மெல்ல எழும், பாவாடைகள் ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அவற்றின் நடுவே நடப்பாள். துணி கன்னத்தில் படும், தோளில் படும். தூக்கம் கலையாத பிள்ளைகள் வீடு நிறைய நிற்பதுபோல இருக்கும். சமையலறை போய்ச் சேர வெகு நேரம் ஆகும், வேண்டுமென்றே ஆக்குவாள். தனக்குப் பிள்ளை இல்லை என்பது அந்த நடையில் மட்டும் பொய்யாகிவிடும். இதை அவள் அபெலுவிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த வருஷம் அந்த நடைக்குள் ஒரு நிஜப் பிள்ளை வந்து சேர்ந்தது.

சமோவாவில், சவாயீ தீவில் இருக்கும் அவள் அக்கா ஃபுவாத்தினோவுக்கு வீடு கொள்ளாமல் பிள்ளைகள். அதில் ஒன்றைத் தங்கைக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். அது எங்களுக்குள் அதிசயம் இல்லை. இருக்கிற வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்குப் பிள்ளை போவது காலம் காலமாக நடப்பதுதான். செஃபீனா போன் திரையைப் பார்த்து அழுதாள், சிரித்தாள், கர்த்தருக்கு நன்றி சொன்னாள். பிறகு அவள் நாக்கு பழக்கத்தில் ஒரு காரியம் செய்தது.

“வெள்ளை ஞாயிறு வரைக்கும் இருக்கட்டும் அக்கா. ஒட்டலைன்னா, அபெலுவோட அண்ணன் அதுக்கப்புறம் ஊருக்கு வர்றாரு. அவரோட திருப்பி அனுப்பிடறேன்.”

மனசார ஆசைப்பட்டுவிட்டு ஏமாந்து நிற்கக் கூடாதே என்ற பயம் பேசிய பேச்சு அது. திரையில் அக்காவுக்குப் பின்னால் ஒரு சிறுமி தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. செஃபீனா அதைக் கவனிக்கவில்லை.

தலை வாரிய அந்தச் சிறுமிதான் ரூத்தா, ஏழு வயசு. வந்த நாளிலிருந்து அவள் முழங்காலில் ஒரு சிராய்ப்பு இல்லை, நகத்தில் அழுக்கு இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். படுத்த படுக்கையில் படுத்த சுவடு இருக்காது. கொண்டுவந்த பையிலிருந்து எடுத்த துணியை, துவைத்துக் காய்ந்ததும் அதே பையில் மடித்து வைத்து ஜிப்பை இழுத்துவிடுவாள். அலமாரியில் அவளுக்கென்று ஒதுக்கிய அடுக்கு காலியாகவே கிடந்தது.

“பிள்ளையா அது, பளிங்கு!” என்று செஃபீனா சர்ச்சில் பெருமை அடித்தாள்.

“ஏழு வயசு இவ்வளவு சுத்தமா இருந்தா டாக்டர்ட்ட காட்டணும்டி” என்றான் அபெலு.

அவன் சொன்னது அவளைக் குத்தியது, ஏனென்றால் அவளுக்கும் உள்ளுக்குள் அதேதான் உறுத்திக்கொண்டிருந்தது. கூரையை உரசுவதுபோல விமானங்கள் தாழப் பறக்கும் ஊர் எங்களுடையது. நாங்கள் யாரும் தலை தூக்குவதில்லை. ரூத்தா மட்டும் ஒவ்வொன்றையும் மேகத்துக்குள் மறையும் வரை பார்ப்பாள். இந்தப் பிள்ளை ஒரே ஒரு தடவை கதவை அடித்துச் சாத்தினால் போதும், ஒரே ஒரு தடவை சோறு பிடிக்கவில்லை என்று கத்தினால் போதும், ஆயுசுக்கும் இங்கேயே இருந்துவிடுவாள் என்று செஃபீனாவுக்குத் தோன்றும். வெள்ளை ஞாயிறு நெருங்க நெருங்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரூத்தா கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். கேட்கவும் இல்லை. கடையில் பை வைத்துத் தைத்த ஒரு வெள்ளைச் சட்டை முன்னால் நின்று, அந்தப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். செஃபீனா வாங்கிவிட்டாள். காலையில் அவள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் சிறுமி நடையில், தொங்கும் வெள்ளைகளுக்கு நடுவே, அந்தச் சட்டைக்குக் கீழே நின்றுகொண்டிருப்பாள். சட்டையின் பைக்குள் அவள் கை இருக்கும். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். காற்று வீசும், துணி அசையும். எது பிள்ளை, எது துணி என்று செஃபீனாவின் தூக்கக் கண்ணுக்கு ஒரு நிமிஷம் தெரியாது.

வெள்ளை ஞாயிற்றுக்கு முந்தின நாள் தள்ளுபடி போட்டார்கள். பாதி விலை. செஃபீனா கயிற்றிலிருந்து சட்டைகளை இறக்கி மடிக்க ஆரம்பித்தாள்.

“அதையும் எடுக்கணுமா?” என்றாள் ரூத்தா, பை வைத்த தன் சட்டையைக் காட்டி.

“அதே சட்டையத்தான் திரும்ப வாங்கப் போறோம் தங்கம். அதே கம்பெனி, அதே அளவு.”

“அழுக்கா இருந்தா?”

“அழுக்கானா எடுக்க மாட்டாங்க. அதான் சித்தி எல்லாத்தையும் பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்.”

வழியில் சனிக்கிழமைச் சந்தையில் காரை நிறுத்தி, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய பனிகேகே ஒரு பொட்டலம் வாங்கினாள். சிந்திவிடும் என்று காரில் எதையும் தொடாத பிள்ளை, இன்றைக்குப் பின் இருக்கையில், மடித்த சட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து கை நீட்டி ஒன்றை வாங்கிக்கொண்டது. செஃபீனாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணாடியில் பார்த்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாளோ என்று பின்னால் பார்க்காமலே ஓட்டினாள். வசந்தத்து மழை வெயிலோடு சேர்ந்து தூறிக்கொண்டிருந்தது.

அந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தால் அவளுக்கு எப்போதும் தரையில் கால் பாவாது. நிழலே விழாத வெளிச்சம், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத பாட்டு, ஏறிக்கொண்டே இருக்கும் நகரும் படி. எதையும் வாங்கலாம், எதையும் திருப்பலாம், எதுவும் முடிந்துபோகாது. வாழ்க்கையில் இப்படி வேறு இடம் ஏது?

திருப்பும் கவுன்டரில் லவீனியா இருந்தாள். சமோவாவுக்குப் பக்கத்துத் தீவு நாடான டோங்காக்காரி, வாய் நீளம். செஃபீனாவை எத்தனையோ வருஷமாகத் தெரியும்.

“வாங்க மகாராணி. சமோவாவுல வெள்ளைத் துணியே மிச்சம் வெக்கலை போல.”

“டோங்காவுக்கு அனுப்பலாம்னா அங்க ரக்பி தோத்து அழுத கண்ணைத் துடைச்சே அழுக்காக்கிடுவீங்க. பேசாம வேலையப் பாருடி.”

லவீனியா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். கடைசிச் சட்டையை விரித்ததும் சிரிப்பு நின்றது. மார்பில், பைக்கு மேலே, எண்ணெயும் சர்க்கரையுமாக ஐந்து விரலும் பதிந்திருந்தன. தெரியாமல் பட்ட கறை இல்லை அது. நிதானமாக, அழுத்தி வைத்த கை.

லவீனியா குனிந்து குரலைத் தாழ்த்தினாள். “நான் எதையும் பாக்கல அக்கா. மடிச்சு அடியில வெச்சிடறேன். அந்த ரேக்குல இதே அளவு ரெண்டு தொங்குது, பாதி விலை. போய்ப் புதுசா எடுத்துக்கங்க.”

செஃபீனாவின் கை பழக்கத்தில் சட்டையை அவள் பக்கம் தள்ளப் போனது. அப்போதுதான் ரூத்தாவைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அடி வாங்கத் தயாராக நின்றது பிள்ளை.

“நீயா செஞ்சே?”

தலை ஆடியது.

“ஏன்டி?”

“அழுக்கானா எடுக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க.”

“அங்க இதே மாதிரி ரெண்டு இருக்கே கண்ணு.”

“அது இது இல்ல.”

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தர் தொண்டையைச் செருமினார். செஃபீனா சட்டையை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “இதை எடுத்துக்காதே லவீனியா. இது எங்களுது.”

ரூத்தா சட்டையைப் பார்த்தாள். பிறகு செஃபீனாவைப் பார்த்தாள். இரண்டு மாசமாக உள்ளே வைத்திருந்ததை மெதுவாகக் கேட்டாள்.

“சித்தி, நான் அழுக்காகவே இல்ல. சித்தப்பாவோட அண்ணன்கூட ஊருக்குப் போனா, அம்மா என்னை எடுத்துக்குவாங்கல்ல?”

செஃபீனாவுக்குக் கடையின் வெளிச்சம் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடியது. அந்தச் சிராய்க்காத முழங்கால், அந்த ஜிப் போட்ட பை, சுவடில்லாத படுக்கை, பளிங்கு என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது. எல்லாம் அவள் வாயால் போட்ட நிபந்தனைக்காக. பிள்ளை அந்த நிபந்தனையை, அவள் கடைப் பலகையைப் படித்ததைவிட அக்கறையாகப் படித்து வைத்திருந்தது. தன் நாக்கைப் பிடுங்கிப் போடலாம்போல இருந்தது அவளுக்கு. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டி போட்டாள். முகமும் முகமும் நேராக வந்தன.

“ஊருக்குப் போகணும்னு இருக்கா உனக்கு? பொய் சொல்லாம சொல்லு. சித்தி கோவிச்சுக்க மாட்டேன்.”

ரூத்தா வெகு நேரம் யோசித்தாள்.

“இருக்கு” என்றாள். அப்புறம், “ஆனா நீங்க என்னைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.”

செஃபீனா சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சர்க்கரை கன்னத்தில் ஒட்டியது.

“கொடுக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன். நானும் நீயும் சேர்ந்து போவோம். அம்மா மடியில ஆசை தீரப் படுத்துக்கோ. அப்புறம் சேர்ந்தே வந்துடுவோம்.”

பிள்ளை அதையும் யோசித்தது. அந்த வீட்டில் வளர்கிற பிள்ளையாயிற்றே.

“டிக்கெட் விலை குறையிற வரைக்கும் காத்திருக்கணுமா?”

“வேணாம்” என்றாள் செஃபீனா. “கிறிஸ்துமஸுக்கே போவோம்.”

கிறிஸ்துமஸ் நேரத்தில் சமோவாத் தலைநகர் அப்பியாவுக்கு டிக்கெட் விலை எவ்வளவு ஏறிக் கிடக்கும் என்பது அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். லவீனியா அடுத்த ஆளைக் கூப்பிட மறந்து நின்றாள்.