இலையை யார் எடுப்பது

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் சூளையின் சூட்டைக் கணினியில் காட்டும் புரோகிராமை நானும் திட்டக்குடி நண்பர் ஒருவரும் எழுதினோம். திரையை நான் விஷுவல் பேசிக்கில் எழுதினேன். கணக்கை அவர் சி மொழியில் எழுதினார். தனித்தனியாக ஒழுங்காக ஓடின. என் திரை அவர் கணக்கை அழைத்ததும் எல்லாம் நின்றுபோனது. தப்பு அவருடையதுதான் என்று இரண்டு நாள் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, நண்பர் இலையை அப்படியே விட்டு எழுந்தார்.

"சாப்ட்டவங்கதான் இலைய எடுக்கணும்" என்றார் மெஸ் அக்கா.

"எங்க வூட்டுல கூப்ட்டவங்கதாங்க எடுப்பாங்க."

எனக்குப் பொறி தட்டியது. அழைக்கும்போது கொடுக்கிற எண்கள் நினைவகத்தில் இலை மாதிரி கிடக்கும். வந்தவர் எடுக்கட்டும் என்பது என் மொழியின் வழக்கம். அழைத்தவர் எடுக்கட்டும் என்பது அவர் மொழியின் வழக்கம். இரண்டு நாளாக எச்சில் இலையை யாருமே எடுக்கவில்லை.

சாயங்காலம் அவர் தன் பக்கத்தில், வந்தவரே எடுப்பார் என்று சொல்லும் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். புரோகிராம் ஓடியது.

மறுநாளும் அவர் இலை மேசையிலேயே கிடந்தது. அக்கா முறைத்தார்.

"அதான் கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேனேக்கா" என்று சொல்லிவிட்டு நண்பர் கை கழுவப் போனார்.

இரண்டு இலையையும் நான்தான் எடுத்தேன்.