பன்னிரண்டு மணிக்குள் திரும்பாத படகு

எங்கள் அடுக்ககத்தில் நேற்றுத் தரைத்தொட்டியைக் கழுவினார்கள். நாலு நாள் முன்னதாகவே லிஃப்டில் அறிவிப்பு ஒட்டி, அதற்கு மூன்று பேர் ஆட்சேபம் எழுதி, கடைசியில் யாருமே வாளியில் தண்ணீர் பிடித்து வைக்காத நாளாகப் பார்த்து ஆரம்பிப்பது எங்கள் சங்கத்தின் வழக்கம். தண்ணீரை இறைத்துவிட்டு அடியில் கிடந்த சேற்றை வாரிப் போட்டபோது மூன்றாவது மாடி வரைக்கும் ஒரு வாசம் ஏறி வந்தது. எதிர்வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார். நான் பால்கனியில் நின்று அதை இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டிருந்தேன். எனக்கு அது தேனிலவு வாசம்.

சிரிக்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் என்று போய் யூகலிப்டஸ் வாசத்தோடு திரும்பிய புண்ணியவதிகள் இருக்கலாம். எனக்கு வாய்த்தது சேறு. அந்தத் தேனிலவுக்கு நாங்கள் மொத்தம் பதினொரு பேர் போனோம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமானது. அப்பாவுக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. என்னைக் கொடுத்த இடம் உடுமலைப்பேட்டைப் பக்கம். மாமனாரும் மாமியாரும் காலமெல்லாம் அடுத்தவர் தோப்பிலும் வயலிலும் கூலிக்குப் பாடுபட்டவர்கள். மகன்கள் தலையெடுத்துத் தேங்காய் வாங்கி உடைத்துக் காயப்போடும் களம் ஒன்றை நடத்த ஆரம்பித்து, அந்த வருமானத்தில் மொசைக் தரையோடு ஒரு வீடும் கட்டியிருந்தார்கள். வீட்டில் சீலிங் ஃபேன் ஒன்றே ஒன்று. அதைப் புதுமணத் தம்பதிக்கென்று எங்கள் அறையில் மாட்டினார்கள். பெருந்தன்மைதான். ஃபேன் இருக்கும் அறையில்தானே டி.வி. இருக்க வேண்டும் என்று அதையும் அங்கேயே வைத்தார்கள். டி.வி. இருக்கும் அறையில்தானே ஜனங்கள் இருக்க வேண்டும் என்று ஜனங்களும் வந்துவிட்டார்கள். கடைசி ஆள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும் நேரத்தில் என் வீட்டுக்காரர் குறட்டையின் இரண்டாம் பாகத்தில் இருப்பார். விடிவதற்குள் களத்துக்குப் போய்விடுவார். கல்யாணமாகி மூன்று மாதத்தில் நாங்கள் இருவரும் தனியாகப் பேசிய மிக நீண்ட உரையாடல், 'சோப்பு எங்க?', 'மேல இருக்குதுங்க' என்பதுதான்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு வேலை உத்தரவு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, பரீட்சை எழுதி, எழுதியதையே மறந்திருந்தேன். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். முப்பது நாளைக்குள் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். உத்தரவு அப்பா வீட்டு முகவரிக்கு வந்தது. அவர் ஒரு சேலைப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்து, வெடிகுண்டைக் கொடுப்பவர் மாதிரி என்னிடம் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனார்.

அவர் பயந்ததில் தப்பில்லை. 'எம்பட மருமகளுக யாரும் வேலைக்குப் போவேண்டியதில்லீங்க' என்பது என் மாமியார் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லும் வாசகம். அத்தையிடம் நேராகப் போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை. முதலில் இவரிடம் பேசி, இவர் என் பக்கம் நின்றால் அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தேன். பேச இடம் வேண்டுமே. சமையலறையில் ஓரகத்தி, கொல்லையில் மாமா, எங்கள் அறையில் சாட்சாத் தூர்தர்ஷன். இருபத்திரண்டு நாள் அந்தக் காகிதத்தைக் கைப்பையில் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இடம் தேடினேன். ஒரு நாட்டுக்கு ராணுவ ரகசியம் கடத்துபவருக்குக்கூட இவ்வளவு சிரமம் இருக்காது.

இருபத்து மூன்றாம் நாள்தான் குருவாயூர்ப் பயணம். புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் எங்காவது அனுப்ப வேண்டும் என்று யாரோ அத்தையிடம் சொல்ல, அத்தை ஒரு வேன் பேசி, அதில் பத்துப் பேருக்கு மேல் ஏறலாம் என்று தெரிந்ததும் மனசு கேளாமல் எல்லோரையும் ஏற்றிவிட்டார். மாமா, அத்தை, மூத்தார் குடும்பம், நாத்தனார் குடும்பம், இரண்டு தூக்குப்போசி நிறையப் புளிசோறு. ஓரமாக நாங்கள். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, கடல் பார்க்கலாம் என்று போகிற வழியில் ஒரு காயல் வந்தது. கடல் உள்ளே நுழைந்து பரந்து கிடக்கும் இடம். கரையில் நாலைந்து சிறு படகுகள். வாடகைக்கு என்று பலகை. படகில் மூன்று பேருக்கு மேல் ஏறக் கூடாதாம்.

மூன்று பேர் என்றதும் எனக்குள் மணி அடித்தது. படகுக்காரர், நாங்கள் இருவர். படகுக்காரரையும் கழித்துவிட்டால்?

"ஏனுங்க, நீங்களே ஓட்டுவீங்களாட்ட இருக்குது" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவர் இளவயதில் வாய்க்கால் பாலத்திலிருந்து தலைகீழாகக் குதித்து நீந்தியவர். அடுத்தவர் வயலுக்கு ராத்திரி பகலாகத் தண்ணீர் கட்டியவர். "நாம பாக்காத தண்ணியா" என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். ஓரகத்தி தன் மகளையும் எங்களோடு ஏற்றிவிடப் பார்த்தாள். "உள்ள மொதலை இருக்குதாமா கண்ணு" என்று அந்தக் குழந்தையின் காதில் சொன்னேன். தெய்வம் என்னை மன்னிக்கட்டும், சற்று முன்தான் தரிசனம் செய்திருந்தேன்.

படகுக்காரர் மூங்கில் கழியைக் கொடுத்துவிட்டு, "பன்னெண்டு மணிக்கு முன்னே வரணும் கேட்டோ. அது கழிஞ்சால் கஷ்டம்" என்றார். அவர் சொன்னது தண்ணீரின் நேரம். எங்கள் ஆள் புரிந்துகொண்டது வாடகையின் நேரம். "சித்த நேரமானா எச்சாக் குடுத்துப்போடறேன்" என்று பெரிய மனிதராகச் சொல்லிவிட்டுப் படகைத் தள்ளினார்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. இடுப்பளவு தண்ணீர், அடியில் புல் அசைவது தெரிந்தது, கொக்குகள் எங்களை மதிக்காமல் நின்றன. நான் அதொன்றையும் பார்க்கவில்லை. மனசுக்குள் வசனம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. 'ஏனுங்க, கோபியிலிருந்து...' வேண்டாம். 'ஏனுங்க, நீங்க கோவிச்சுக்கப்படாது...' அதுவும் வேண்டாம், கோபித்துக்கொள்ள வழி சொல்லிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். அவர் திரும்பலாமா என்று கேட்கும்போதெல்லாம், "இன்னுங் கொஞ்சம் போலாமுங்க" என்றேன். பன்னிரண்டு தாண்டியது என் கைக்கடிகாரத்துக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் படகு மெதுவாக உட்கார்ந்தது. சத்தமில்லை, குலுக்கல் இல்லை. எருமை படுப்பதுபோல் நிதானமாக உட்கார்ந்துவிட்டது. கழியை ஊன்றித் தள்ளினார். கழிதான் உள்ளே போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றிலும் சேறு கரும்பழுப்பாக எழுந்து வந்தது, நண்டுகள் வெளியே வந்து எங்களை வேடிக்கை பார்த்தன. நேற்று மூன்றாவது மாடிக்கு ஏறி வந்ததே, அதே வாசம்.

அவர் எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கிழக்கே பார்த்தார். முகத்தில் கோபம்.

"மேல எவனோ மதகு ஷட்டரை எறக்கிப்போட்டான் அம்மணி."

"ஏனுங்க, இது கடல்தண்ணிங்க. கடலுக்கு ஏதுங்க ஷட்டரு?"

"கடலுன்னா என்ன? எங்கியோ உட்டாத்தான இங்க வரோணும்."

"நெலா இழுக்கறதுனால ஏறி எறங்குமுங்க. புஸ்தகத்துல இருக்குதுங்க."

"பட்டப்பகல்ல நெலாவுக்கு எங்க போறது?"

நானும் அண்ணாந்து பார்த்தேன். நிலா இல்லை. கடல் ஏறி இறங்கும் ஓதம் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு ஒன்பது வாங்கியவள் நான். படகு ஏறும்போது அது ஒரு கணம் நினைவுக்கு வந்திருக்கலாம். முறை வைத்து விடும் பாசனத் தண்ணீரில் வளர்ந்த ஜில்லாக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒருவன் திறப்பான், ஒருவன் அடைப்பான், நடுவில் ஒருவன் திருடுவான். யாரும் அடைக்காமலே அது பாட்டுக்குக் கிளம்பிப் போகும் என்பது எங்களுக்கு எட்டாத சங்கதி.

இறங்கித் தள்ளுகிறேன் என்று காலை வைத்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறார்களே, இங்கே தண்ணீருக்கு ஆழமே இல்லை, சேற்றுக்குத்தான் இருந்தது. தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டார். இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். தாலி கட்டிய அன்று ஐயர் சொல்லிப் பிடித்ததைவிட அன்றைக்குத்தான் அழுத்திப் பிடித்தேன். ஆள் வந்தார், ஒரு செருப்பு வரவில்லை.

கரை பக்கத்தில்தான் இருந்தது. ஒன்பது பேரும் வரிசையாகத் தெரிந்தார்கள். அத்தை துண்டை வீசி என்னவோ கத்தினார், காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. படகுக்காரர் வந்து எங்களைப் பார்த்தார், அவர்களிடம் ஏதோ சொன்னார், பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் எங்கள் சனமும் பாயை விரித்துப் புளிசோறு சாப்பிட ஆரம்பித்தது. எங்களிடம் அரைப் பாட்டில் தண்ணீரும் ஒரு பொட்டலம் நேந்திரம் சிப்ஸும் ஒரே ஒரு குடையும் இருந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் எங்களைப் பார்க்கலாம். யாராலும் கேட்க முடியாது.

கைப்பையைத் திறந்து காகிதத்தைக் கொடுத்தேன். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார்.

"எத்தன நாளா வெச்சிருக்கற?"

"இருவத்தி மூணு நாளுங்க."

"ஏன் சொல்லுல?"

"எங்கீங்க சொல்றது?"

சிப்ஸ் ஒன்றை எடுத்தார், தின்னாமல் திரும்பப் பொட்டலத்திலேயே போட்டார். பிறகு தமிழ்நாட்டுக் கணவன்மார்களின் அந்தப் புனித வாக்கியத்தைச் சொன்னார். "அம்மாவ ஒரு வார்த்த கேட்டுப்போடலாம்."

"அத்தைகிட்ட அப்பறம் கேக்கலாமுங்க. இப்ப நா உங்களக் கேக்கறேன்."

அவர் நண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போயிட்டா நா யாருகூடப் பேசறது?" என்றார்.

"இப்ப மட்டும் பேசிக்கிட்டா இருக்கறோமுங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அப்புறம் இருவரும் வாயை மூடவே இல்லை. நாலு மணி நேரம். பத்தாவதுக்கு மேல் படிக்க ஆசைப்பட்டது, களத்தில் அண்ணனோடு ஒத்துப்போகாதது எல்லாம் சொன்னார். அத்தையைப் பற்றியும் சொன்னார். பத்து வயதில் நாற்று நட இறங்கியவராம். முப்பத்தைந்து வருடம் சேற்றில் நின்று நின்று பாதம் வெடித்து, ராத்திரியில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு அழுவாராம். மருமகள் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்வது அதிகாரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அவர் வாங்கிய ஒரே பட்டம். எனக்கு வெட்கமாக இருந்தது.

நாலரை மணிக்கு மேல் தண்ணீர் வந்தது. "தெறந்துட்டானுங்க" என்றார் இவர், கடமை தவறாத ஷட்டர்க்காரரை மெச்சியபடி. நான் நிலாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. குடும்பம் நடத்தப் போகிறவள் எதில் ஜெயிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

கரையில் இறங்கியதும், ஒற்றைச் செருப்போடு, எல்லோருக்கும் முன்னால் நேராக அத்தையிடம் போனார். கரையோரச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து ஏறிய நான் இரண்டடி பின்னால்.

"அம்மா, இவளுக்குக் கோபியில கவருமெண்டு வேலை வந்திருக்குது. திங்கக்கெழமை சேரோணும். நாங் கூட்டிட்டுப் போறேன்."

ஓரகத்தியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மாமா வேனுக்குப் பின்னால் போய்விட்டார். அத்தை இவரைப் பார்க்கவே இல்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முழங்கால் வரை சேறு அப்பியிருந்த என் காலில் அவர் பார்வை நின்றது.

"ஒக்காந்து செய்யற வேலையா கண்ணு, நின்னு செய்யறதா?"

"ஒக்காந்துதானுங்க அத்தை. டைப் அடிக்கறதுங்க."

"செரி. காலக் கழுவீட்டு வண்டியில ஏறு."

அவ்வளவுதான். இருபத்து மூன்று நாள் நான் சுமந்த பூகம்பம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் இவர் பஸ் ஏறிக் கோபிக்கு வருவார். வாடகை அறையில் ஃபேன்கூடக் கிடையாது. சாயங்காலம் வாழைத்தோட்டம் பக்கமாக நடக்கப் போனால் பேச்சு முடியாது, ஞாயிறு மாலை பஸ் நகரும்போதும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் மிச்சமிருக்கும். பிறகு மாற்றலாகிக் கோவைக்கு வந்தோம், பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், பறந்தார்கள்.

அத்தை போய்ப் பல வருடமாகிறது. களத்தைப் பிரித்துக்கொண்டார்கள், வீட்டையும்தான். பதினொரு பேரில் மிச்சமிருப்பவர்களை இன்று ஒரே வண்டியில் ஏற்ற வேண்டுமென்றால் வக்கீலும் கூட வர வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது மூன்று படுக்கையறை. அறைக்கொரு டி.வி., ஃபேனுக்கு மேல் ஏ.சி. ஆட்கள் இரண்டே பேர். எதைச் சொல்லவும் யார் கண்ணுக்கும் மறைய வேண்டியதில்லை, நாள் முழுக்கப் பேசலாம், தடுப்பார் இல்லை. எனக்குத்தான் சில நாள் யாராவது கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து நடுவில் உட்கார மாட்டார்களா என்று இருக்கிறது. யாரும் குறுக்கே இல்லாத வீட்டில் எங்களுக்குப் பேச்சே எழுவதில்லை.

போன வாரம் ஒருநாள் மத்தியானம் அவர் எதிர் சோபாவில் போனோடு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு நடுவே ஒரு டீப்பாய்தான்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை.

"வாட்சப்புல போட்டு உடு அம்மணி. அப்பறமாப் பாக்கறேன்."