ஆவணப்படம் எடுக்கிற மகளோடு பழவேற்காட்டில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாக யோசித்து யோசித்தே தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வீட்டுக்காரர் பூக்கடை வைத்திருக்கிறார். நான் மாலை கட்டுகிறேன். ஊருக்குப் போய்வந்த கதையைப் பத்துப் பேர் படிக்கிற மாதிரி எழுத என் கைக்கு வருமா என்கிற பயம். ஆனால் கடைக்கு வருகிற தாய்மார்கள், "உங்க பொண்ணு இன்னா படிச்சுது, எப்டி சேத்தீங்க, பயமா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அவர்களுக்கு பஸ் வந்துவிடுகிறது. முருகன் மேல் பாரத்தைப் போட்டு முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

என் மகள் சுகன்யா அப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் கடைசி வருஷம். ஆவணப்படம் எடுக்கத்தான் ஆசை என்றாள். அது சினிமாதானே என்றேன். "இல்லம்மா, அதுல நடிக்க ஆளே கிடையாது. நெசமான மனுஷங்க, நெசமான வேலை. அவ்ளோதான்" என்றாள். பழவேற்காடு ஏரியைப் பற்றிப் பெரிய படம் எடுக்கிற ஒரு மேடம், ஐந்து மாணவர்களை மட்டும் கூப்பிட்டு அங்கேயே பயிற்சி முகாம் நடத்துகிறார் என்றும், ஆளுக்கு ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டும் என்றும், அதில் ஒருவருக்குத்தான் ஆறு மாதம் அவரோடு வேலை கற்றுக்கொள்ள இடம் என்றும் சொன்னாள். இன்டர்ன்ஷிப் என்று அதற்குப் பெயர். அந்த ஒரு இடத்தின் மேல்தான் அவளுக்குக் கண். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மாவும் கூடப் போனா போ" என்று முடித்துவிட்டார். மேடமும் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை.

விடிகாலையில் சாமி கும்பிட்டு, கட்டுச் சோறு கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். சென்னையில் வண்டி மாறிப் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு பஸ், ஆளுக்குப் பதினேழு ரூபாய். சுகன்யா கையிலிருந்த முக்காலி ஸ்டாண்டைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, கல்யாண வீடியோவா? மாப்ள வூடு எந்த ஊரு?" என்றார். "மாப்ளயே இல்லாத படம்ணா" என்றாள் இவள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வழியெல்லாம் நெல் வயல். திருப்பாலைவனம் கோயில் கோபுரம் ஜன்னலில் தெரிந்ததும் உட்கார்ந்தபடியே கைகூப்பிக்கொண்டேன். அதன் பிறகு காற்றில் மீன் வாடை. நான் சுத்த சைவம். முந்தானையை மூக்கில் வைத்தேன். "இப்பவேவா?" என்று என் பெண் முறைத்தாள்.

மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். நரைக்கு மை போடவில்லை, காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை. வந்த களைப்பு ஆறுவதற்குள் எல்லாரையும் எங்கே கூட்டிப்போனார் தெரியுமா? சுடுகாட்டுக்கு! டச்சுக்காரர்கள் இந்த ஊரில் கோட்டை கட்டிக்கொண்டு துணி வியாபாரம் செய்த காலத்துக் கல்லறைத் தோட்டம். வாசல் தூணிலேயே எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். முருகா என்று வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே மேடம் யாரையும் கேமராவைத் தொடவிடவில்லை. "முதல்ல சும்மா பாருங்க. கல்லுல எழுதியிருக்கிறவங்க பேரு தெரியுது. அவங்களுக்குத் துணி நெய்தவங்க, சாப்பாட்டுக்கு மீன் பிடிச்சவங்க பேரு எங்க இருக்கு? அந்த மாதிரி கேள்வி ஒண்ணு வந்தப்புறம்தான் கேமரா" என்றார். அதைக் கேட்டதும், ஆகா, இது படிப்புதான் என்று என் மனசுக்குப் பட்டது. மெல்ல உள்ளே போய் நானும் ஓரமாக நின்றேன்.

மாலை டீ குடிக்கும்போது தைரியம் வந்து மேடத்திடம் நேராகவே கேட்டேன்.

"மேடம், ஆறு மாசம்னா எங்க படுப்பா?"

"இங்க ஒரு வீட்டு மாடி எடுத்திருக்கோம்மா. பொண்ணுங்க மட்டும்தான்."

"சாப்பாடு, பஸ் செலவு?"

"ரெண்டும் நான்தான். மாசம் ஒரு சின்னத் தொகையும் உண்டு. இதெல்லாம் எழுத்துல வாங்கிக்கணும்மா. சில பேர் சும்மா வேலை வாங்கிட்டு அனுப்பிடுவாங்க."

"படத்துல பேரு போடுவீங்களா?"

மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இந்தக் கேள்வியை என் மாணவங்களே கேக்கமாட்டாங்க. போடுவேன். என்ன வேலை செஞ்சாங்களோ அந்த வேலைக்கு நேரா போடுவேன்" என்றார்.

அன்று அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. இதற்கென்று கல்லூரிப் படிப்பு உண்டு. அரசாங்கத்திலேயே திரைப்படக் கல்லூரி இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம், செலவு குறைவு. பெரிய கேமரா இல்லாவிட்டால் போனிலேயே ஐந்து நிமிடப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்கிற பயிற்சி முகாம்கள் உண்டு. படம் எடுக்கிறவர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நாமே எழுதிக் கேட்கலாம், தமிழில் எழுதினாலும் தப்பில்லை. பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேராவது பதில் போடுவார்கள் என்றார்.

சனிக்கிழமை.

படகில் ஏரியைக் கடந்து பசியாவரம் போனோம். நாங்கள் போனபோது அந்தத் தீவுக்குப் படகுதான். ஒரு மாணவர் கோட்டையை எடுத்தார், ஒரு பெண் மீன் மார்க்கெட்டை எடுத்தாள். சுகன்யா எடுத்துக்கொண்டது பாடு முறை. ஏரியில் எறா, அதாவது இறால், நன்றாகக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போனால் அடிதடி. அதனால் எந்த இடத்தில் என்றைக்கு எந்த வீடு வலை கட்டுவது என்று ஊரே கூடி முறை வைத்திருக்கிறது. அதுதான் பாடு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை என்பவர் வீட்டு முறை. அதை விட்டால் அந்த வீட்டுக்கு அடுத்த முறை வரப் பல வாரம் ஆகும்; முகாமோ திங்கள் இரவோடு முடிகிறது.

சாயங்காலம் ஏழுமலையின் மனைவி கன்னியம்மா கையைப் பிசைந்துகொண்டு வந்தார். வலை கட்ட மூன்று பேர் வேண்டும். ஏழுமலை, அவர் தம்பி சேகர், இவர்களோடு போகிற மூன்றாவது ஆளுக்குக் காய்ச்சல். அந்த ஊர்க் கட்டுப்பாடு, மூன்று கை இல்லாமல் படகு போனால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மற்ற ஆண்களுக்கு அவரவர் வலை இருந்தது. கன்னியம்மா மீன் விற்கப் பழவேற்காடு போக வேண்டும்.

"அப்ப நான் வலை புடிக்கறேன்" என்றாள் சுகன்யா.

"படத்த யாரு புடிப்பா? ஒங்க நைனா வருவாரா?" என்றார் கன்னியம்மா.

என் பெண் கேமரா உறையை மூடினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்துவிட்டது: "நான் புடிக்கறேன்."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, மறுநாள் கிருத்திகை. பல வருஷமாக விடாத விரதம். "அய்யோ, நாளைக்கு எறாவத் தொடக்கூடாதே" என்றேன்.

கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எங்கருந்து வர்றீங்க?"

"திருத்தணி."

"அங்க முருகன் யாரைக் கட்டிக்கினாரு?"

"வள்ளியை."

"வள்ளி யாரு வூட்டுப் பொண்ணு? வேடருங்க வூட்டுப் பொண்ணு. மாமனார் வூட்டுக்குப் போனவருக்கு அங்க இன்னா, சாம்பாரா ஊத்தியிருப்பாங்க? நீ வாயில வெக்காத. கையால தொடு. அவரு கோவிச்சிக்கினா எங்கூட்டு அட்ரஸக் குடு."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை.

விடியும்போது நெற்றி நிறைய விபூதி, புடவை மேல் ஏழுமலையின் பழைய சட்டை. வயிற்றில் ஒரு டம்ளர் பால். "யக்கா, போலீஸ்காரம்மா மாதிரி கீற" என்றார் ஏழுமலை. சேகர் கோல் ஊன்றிப் படகைத் தள்ளினார். ஏரி முழுக்க ரோஜா நிறம். தூரத்தில் பூநாரைகள் ஒரு கோடாக நின்றன. திருக்கார்த்திகைக்கு மலைமேல் தீபம் பார்க்கிற மாதிரி நெஞ்சு நிறைந்துவிட்டது எனக்கு.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினோம். சேறு காலை இழுத்தது. கழிகளை வளைவாக நட்டு வலையைக் கட்டினார்கள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வற்ற வற்ற வலைக்குள் எறா துள்ள ஆரம்பித்தது. சுகன்யா படகிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

வலையைக் கூட்டியபோது என் கைப்பக்கம் நகக்கண் அளவு நண்டுகள், பொடி மீன்கள். ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. பாவமாக இருந்தது. விரத நாளாயிற்றே, மெதுவாக எடுத்துத் தண்ணீரில் விட்டேன். இன்னொன்று. அப்புறம் கொஞ்சம் பெரிய எறா இரண்டு. கை தன்னாலே போய்க்கொண்டிருந்தது.

ஏழுமலை பார்த்துவிட்டார். "யக்கா! நான் இந்தப் பக்கம் புடிச்சிப் போடறேன், நீ அந்தப் பக்கம் அவுத்து வுடுற! சாயங்காலம் வரிக்கும் ரெண்டு பேரும் இதே வேலையா இருக்கலாமா?"

"பொடிசுங்கதான் தம்பி விட்டேன்..."

"பொடிசு சரி. அந்த எறா இன்னா பாவம் பண்ணுச்சி, அத்த மட்டும் வுட்ட? அது ஒனக்கு சொந்தமா?" என்றார் சேகர். மூன்று பேரும் தண்ணீரில் நின்றபடி அப்படிச் சிரித்தோம்.

பகலில் கரையேறினோம். அங்கே ஒரு வழக்கம்: வலை பிடித்த கை எதுவானாலும் பங்கு சமம். அவிழ்த்துவிட்ட எனக்கும் ஏழுமலைக்கு வைத்த அதே அளவு எறாவைக் குவித்து வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடாதாம். என் பங்கை முகாம் சமையலுக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து பிள்ளைகளும் அன்று தொக்கு வைத்துச் சாப்பிட்டார்கள். நான் வாழைப்பழம் சாப்பிட்டேன்.

அதுவரை சந்தோஷம்தான். மாலையில் சுகன்யா எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "எல்லா ஷாட்லயும் நீதாம்மா நிக்கிற! பாடு முறையப் பத்திப் படம் எடுக்க வந்தேன். உன் விபூதியும் சட்டையும்தான் தெரியுது. நண்ட வேற அவுத்து வுடுற. மேடம் சிரிப்பாங்க. எனக்கு எடம் போச்சு."

பிள்ளைக்கு உதவப் போய்க் கெடுத்துவிட்டேனே என்று திருத்தணி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். "என்ன வெட்டிட முடியாதா கண்ணு?" என்று கேட்டேன். "உன்ன வெட்டினா வலையோட ஒரு முனை யாரு கையில இருக்குதுன்னு கேப்பாங்களே" என்றாள். அதைச் சொன்னவள் அப்படியே நின்று யோசித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை.

மேடத்திடம் ஒரு விதி உண்டு. யாரைப் படம் எடுத்தோமோ அவர்கள் பார்க்கும் முன் வேறு யாரும் பார்க்கக்கூடாது. சாயங்காலம் பசியாவரத்தில் வெள்ளை வேட்டி கட்டித் திரை. ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. முதல் நான்கு படங்களும் அழகு. ஜனங்கள் அமைதியாகப் பார்த்தார்கள்.

சுகன்யாவின் படம், மூன்று கை இல்லாமல் படகு போகாது என்று கன்னியம்மா சொல்வதில் ஆரம்பித்தது. பிறகு சட்டை போட்ட நான். "டேய், இது யார்ரா புது ஆளு!" என்று ஒரு குரல். நண்டை விட்டபோது பிள்ளைகள் கத்தினார்கள். எறாவை விட்டேனே, அப்போது ஊரே எழுந்து கத்தியது: "வுடாத! வுடாத!" சேகர் கேட்ட கேள்விக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் பங்கு பிரிக்கிற காட்சி. நான்கு குவியல், மரக்காலில் அளந்த மாதிரி ஒன்றுக்கொன்று சமம்: மூன்று கைக்கு மூன்று, படகுக்கு ஒன்று. அங்கே சிரிப்பு தானாக அடங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "சரியாத்தான் எடுத்துக்கீது பொண்ணு. வெளியூர்க்காரம்மாவுக்கும் கொறைக்கலன்னு நாலு பேர் பாக்கட்டும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை.

காலை இட்லி சாப்பிடும்போது மேடம் சொன்னார்: "சுகன்யா, மத்தவங்க படத்துல ஜனங்க கேமராவுக்காக வேலை செஞ்சாங்க. உன் படத்துல யாரும் கேமராவ நினைக்கவே இல்ல. உங்கம்மா உள்ள போனதாலதான் அந்த முறை எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுது. அவங்கள நீ மறைச்சிருந்தா இது பொய்யாயிருக்கும். இடம் உனக்குத்தான். அம்மாவுக்குச் சம்மதமா?"

என் பெண் என்னைப் பார்த்தாள். நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நீ இன்னா சொல்ற?" என்றார். "இருக்கட்டும்ங்க" என்றேன். "அப்ப இருக்கட்டும்" என்றார். மற்ற நாலு பேரையும் மேடம் வெறுங்கையோடு அனுப்பவில்லை; யார் யாருக்கு எழுதிக் கேட்கலாம் என்று தனித்தனியாகச் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் தனியாக ஏறினேன். சுகன்யா வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கிட்ட எறா கதைய நீ சொல்லுவியா, நான் சொல்லட்டுமா?" என்றாள். வண்டி நகர்ந்ததும் அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எங்கள் ஊரில் பெண்ணை அனுப்புவதென்றால் தாலி கட்டித்தான் அனுப்புவோம். நான் ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டு, கை நிறைய மீன் வாடையோடு, வாய்க்குள் முருகன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரும்பினேன்.

இதைப் படிக்கிற நீங்கள், பிள்ளைகளை வைத்திருக்கிற நாலு வீட்டில் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பூக்கடைக்காரர் மகள் சினிமாவில் சேர்ந்து பெரிய ஆளாகிவிட்டாள் என்று கூட்டவேண்டாம். அவள் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். கிருத்திகையன்று அவள் அம்மா எறா வலை பிடித்தாள் என்பதைக் குறைக்கவும் வேண்டாம்.