மாமன் முகம் போட்ட பேனர்

ஆரப்பாளையத்தில் என் பிளக்ஸ் கடைக்கு அடுத்தது தமிழ்ச்செல்வியின் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுத்துப் பிழைக்கிறவள். ஆனால் அவளுக்கு உயிரே, பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளை இருக்கிறபடியே எடுப்பதில்தான். பரு, அரும்பு மீசை, குட்டையாகிப்போன யூனிபார்ம், எதையும் அழிக்க மாட்டாள். படத்தை முதலில் அந்தப் பிள்ளைதான் பார்க்க வேண்டும். அது வேண்டாம் என்றால் பெற்றவர்கள் கேட்டாலும் தர மாட்டாள். இந்தப் பிடிவாதத்தால் அவளுக்குப் போன ஆர்டர்களோடு எனக்கும் சில போயிருக்கின்றன. ஆனாலும் அவள்மேல் கோபம் நிற்பதில்லை.

போன தை மாதம் பேரையூர் விருமாண்டி வந்தார். அவர் அக்கா வீடு எங்கள் தெருவில்தான். அக்கா மகள் பாண்டீஸ்வரி வயசுக்கு வந்ததற்குச் சடங்கு. மருமகள் முகத்தை இருபதடி பேனரில் போட்டு, அவள் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறும் இடத்தில் நிறுத்த வேண்டுமாம்.

தமிழ்ச்செல்வி எடுத்த படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். "படம் நல்லாருக்குக்கா. ஆனா பஸ் ஸ்டாப்புல வேணாம். கிளாஸ் பசங்க அங்கதான் நிப்பாங்க. அப்புறம் நான் பள்ளிக்கூடமே போக மாட்டேன்."

தமிழ்ச்செல்வி நேரே என்னிடம் வந்தாள். "அண்ணே, அந்தப் படத்தை நான் தரமாட்டேன்."

"வம்பை விலைக்கு வாங்குற தாயி!" என்று கத்தினேன்.

விருமாண்டி வந்து குதித்தார். "மருமக மூஞ்சி இல்லாம என்ன பேனரு?"

"பிள்ளை அழுகுதுண்ணே" என்றாள் அவள். விருமாண்டி குரலை இறக்கினார். "எங்கிட்டச் சொல்லலயே…"

"சீர் கொண்டாறது நீங்க. ஊரு உங்களப் பாக்கட்டுமே. உக்காருங்க, எடுக்குறேன்."

விருமாண்டி கண்ணாடியைத் தேடி மீசையை முறுக்கினார். பேனரில் அந்த மீசை மட்டும் மூன்றடி வந்தது. பாண்டீஸ்வரியின் பெயர் மட்டும் கீழே. மறுவாரம் அவள் வழக்கம்போல அங்கேயே பஸ் ஏறினாள்.

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். எண்ணெய் வடியும் முகம், நெற்றியில் புதுப் பரு. "இப்ப எடுங்கக்கா. எனக்கு மட்டும்." எடுத்ததைக் கேமராவில் வெகுநேரம் பார்த்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

அங்கே நின்ற எனக்கு என்னவோ போலிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் என் மகள் சடங்குக்கு அவள் முகத்தை நானே இருபத்தைந்தடியில் அடித்துத் தெருமுனையில் நிறுத்தினேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாண்டீஸ்வரியைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போனதும், அந்தப் பேனர் பிடித்திருந்ததா என்று மகளிடம் கேட்டேன்.

"இப்பவாச்சும் கேட்டீங்களேப்பா" என்றாள்.