கோதுமைக்குத் தேங்காய்த் தண்ணீர்

கோயில் வாசலில் பூ விற்கிறவள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பூக்கூடையை வெயிலில் விட்டுவிட்டு அம்மன் சன்னதிக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தால் மல்லிகையின் மேல் ஈரத்துண்டு கிடந்தது. துண்டில் வெள்ளித் தூசி மின்னியது. திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற பாலம்மாளின் துண்டு அது.

கம்பெனி லீவு நாளில் தேங்காய் உடைக்கிற இடத்தில் சொம்போடு நிற்பாள். கும்பிட வந்தவர்கள் தேங்காயை ஓங்கினால் இவள் சொம்பை நீட்டுவாள். "தரையில விட்டா ஈதான் குடிக்கும். எம் பிள்ளைக குடிக்கட்டும் மதினி" என்பாள் என்னிடம். பிள்ளைகள் என்பது வீட்டுக்குப் பின்னால் அவள் விதைத்த கோதுமை. முளைப்பாரிக்கு வாங்கியதில் மிஞ்சியது.

இந்த வெயிலில் கோதுமையா என்று சிரித்தார் அவள் வீட்டுக்காரர் ஊர்க்காவலன். மணி பிடித்தால் மீசையை எடுக்கிறேன், இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஆட்டைக் கட்டுவேன் என்று தெருவே கேட்கப் பந்தயம் கட்டினார். இரண்டு வருசம் கெடு.

முதல் வருசம் கடையில் வளர்ச்சி டானிக் வாங்கி அடித்தாள். பயிர் சரசரவென்று வளர்ந்து, ஒரு காற்றுக்கே படுத்துவிட்டது. கதிரை உருவினால் வெறும் உமி. "எங்க வீட்டு ஆம்பளை மாதிரித்தான். உசரம் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள். ஊர்க்காவலன் மீசையைத் தடவிக்கொண்டே ஆட்டுக்கு விலை விசாரித்தார்.

சூலக்கரைக்கு பஸ் ஏறிப்போய் விவசாய ஆபீஸரைக் கேட்டாள். தண்டை நீட்டுகிற சத்து வேறு, மணியைப் பெருக்குகிற சத்து வேறாம். பின்னது தேங்காய்த் தண்ணீரில் இருக்கிறதாம். ஆனால் சும்மா வேரில் ஊற்றினால் போதாதாம்; மோரில் கலந்து புளிக்கவைத்து, பூத்தவுடன் கதிரில் தெளிக்கச் சொன்னாராம். "மணிக்குள்ள அறை அறையாப் பெருகுமாம். பெறகு இன்னொரு சத்து வந்து, போதும் தூங்குன்னு காயவைக்குமாம். எங்க வீட்டுல எனக்கு அப்பிடிச் சொல்லத்தான் ஆளில்ல."

இரண்டாம் வருசம் தை கடைசியில் கதிர் பால் பிடித்தது. மைனாக்கள் இறங்கின. பாலம்மாள் பகலெல்லாம் கம்பெனியில், காக்க ஆளில்லை. அம்மா, பார்த்துக்கொள் என்று நானும் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் அவள் வந்து பார்த்தால் கதிர்களுக்கு மேலே, மைனாவை மிரட்டுகிற மாதிரி, ஜிகினாத்தாள் தோரணமாய்த் தொங்குகிறது. காற்றில் பறந்து வந்து மாட்டியிருக்கும் என்றாராம் ஊர்க்காவலன்.

"காத்துக்கு முடிச்சுப் போடத் தெரியுமா மதினி?"

மாசியில் முதல் கதிர்களை அம்மனுக்குக் கொண்டுவந்தாள். ஒரு மணியைக் கடித்துக் காட்டினாள். டக்கென்று சத்தம் வந்தது. கோயிலுக்கு வெளியே பைக்கில் ஊர்க்காவலன், மூக்கு வரைக்கும் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீசை போய்விட்டதா என்று கேட்டேன். அவள் என் பூக்கூடையில் ஒரு கதிரைச் செருகிவிட்டுப் பைக்கில் ஏறினாள்.

"துண்டுக்குள்ள பத்திரமா இருக்கு மதினி. நாந்தான் எடுக்க விடல. அடுத்த வருசப் பந்தயத்துக்கு அவுக வேற என்னத்த வைப்பாக?"